மாலையைக் கழற்றிய திருடன்

திருடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பணம், நகை, பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை என்று எதைத் திருடினாலும் ஊர் புரிந்துகொள்ளும். செத்தவருடைய படத்தை, அதுவும் மாலை போட்டு விளக்கு வைத்த படத்தை, யாராவது திருடுவார்களா?

நோர்வேயின் ட்வெய்ட்டா தமிழ்ச் சங்க மண்டபத்தில் அந்தச் சனிக்கிழமை காலையில் திருடிவிட்டார்கள்.

"முதல் பொலிசுக்கு அடிக்கட்டோ, பேப்பர்க்காரருக்கு அடிக்கட்டோ?" என்று சங்கத் தலைவர் குணசிங்கம் இரண்டு கையிலும் இரண்டு போனோடு நின்றார். வேட்டி, மேலே கோட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு. வழுக்கையில் வியர்வை. ஒக்டோபர் மாதத்து ஒஸ்லோவில் வியர்ப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

"ரெண்டு பேருக்கும் வேண்டாம், ஐயா," என்றாள் நிரோஜா.

நிரோஜா வார நாட்களில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிப்பவள். சனி ஞாயிறில் தமிழ்ச் சனத்தின் மற்றப் பொய்களையும் பிடிப்பாள். கலியாண வீடொன்றில் தொலைந்த தாலிக்கொடியைக் கேசரிச் சட்டிக்குள் கண்டெடுத்த நாளிலிருந்து அவளுடைய போனுக்கு ஓய்வில்லை. அவளுக்குப் பின்னால், வாய் நிறைய ரோல்ஸோடு நின்றவன் கிளெமென்ற். டக்சி ஓட்டுபவன், அவளுடைய உதவியாளன். சம்பளம் கேட்க மாட்டான், ஆனால் வாயை மூடச் சொன்னால் கோபம் வந்துவிடும்.

"நாசிக் கூட்டம்தான் பிள்ளை, வேறை ஆர்?" என்றார் குணசிங்கம். "கல்லுத் திறக்கிற அண்டைக்கே படத்தைத் தூக்கிப்போட்டாங்கள்."

"கதவு?"

"பூட்டினபடிதான் கிடந்தது."

"யன்னல்?"

"ஒண்டும் உடையேல்லை."

"உங்கடை மனசு மட்டும்தான் உடைஞ்சிருக்கு போல," என்றான் கிளெமென்ற்.

விஷயம் இதுதான். இருபது வருடங்களுக்கு முன், 1987 இலையுதிர்காலத்தில், ரவீந்திரன் என்ற திருகோணமலை இளைஞன் படிக்க வந்த சில வாரங்களிலேயே இந்தப் பக்கத்து நடைபாதை ஒன்றில் அடித்துக் கொல்லப்பட்டான். அடித்தவர்கள் மூன்று பேர். அவனிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. அவனுடைய நிறம் பிடிக்கவில்லை என்று நீதிமன்றத்தில் வெட்கமில்லாமல் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் சங்கம் அந்த இடத்தில் மெழுகுதிரி கொளுத்தி வந்தது. இந்த வருடம்தான் கல் வைக்க அனுமதி கிடைத்தது. பெயர் பொறித்த கல், அந்த நடைபாதையோரத்து மேட்டில் வெள்ளைத் துணி போர்த்திக் காத்திருந்தது. இரண்டு மணிக்குத் திறப்பு. பகுதி நிர்வாகத்தின் தலைவி நேரில் வருகிறார்.

நிரோஜா மண்டபச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் தெற்கில் கறுப்பின மக்கள் உரிமை கேட்டு நடந்த காலத்தில் கொல்லப்பட்டவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. வாக்குப் பதியப் போனவர், ஆட்களைப் பதியக் கூட்டிப்போனவர், தேவாலயத்தில் குண்டுக்குப் பலியான சிறுமிகள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பிள்ளைகளின் கையெழுத்தில் பெயர். ஒவ்வொரு படத்துக்கும் துணி மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு.

"அமெரிக்கச் சனத்துக்கும் சந்தனமோ?" என்றான் கிளெமென்ற்.

"ஏன், வைச்சா என்ன?" குணசிங்கம் சீறினார். "ஆற்றை பிள்ளையளாயும் இருக்கட்டும். இண்டைக்கு எங்கடை மண்டபத்துக்கு வந்திருக்கினம். மாலை போடாமல் விடுறதோ?"

கிளெமென்ற் இன்னொரு ரோல்ஸை வாயில் போட்டுக்கொண்டான். மனிதர் சரியாகத்தான் சொன்னார்.

வரிசையின் கடைசியில், ரவீந்திரனின் படம் தொங்கிய இடத்தில், வெறும் ஆணி. அதற்குக் கீழே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில், சங்கத்துப் பெண்கள் முதல்நாள் முழுக்க இருந்து கட்டிய உண்மைப் பூமாலை, ஓர் இதழ் உதிராமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"இந்த மாலையை நீங்களோ கழட்டினது?"

"நானோ? நான் போட்டனான் பிள்ளை. விழாமல் ஆணியோடை சேர்த்து முடிச்சும் போட்டனான்."

"அப்ப கள்ளன் முடிச்சை அவிழ்த்து, மாலையைக் கழட்டி, கசங்காமல் சுருட்டி, தட்டிலை வைச்சிட்டுத்தான் படத்தைத் தூக்கியிருக்கிறான்."

"இதைவிடப் பெரிசா ஒண்டு இருக்கு அக்கா," என்றாள் அபிஷா. குணசிங்கத்தின் மகள், பல்கலைக்கழகத்தில் படிப்பவள், அப்பாவை விட அரைவாசிதான் கதைப்பாள், அதனால் இரண்டு மடங்கு உபயோகமானவள். "விளக்கை விடியவே ஏத்தினனான். இவ்வளவுக்கு எண்ணெய் முடிஞ்சு நூந்திருக்க வேணும். ஆரோ எண்ணெய் விட்டிருக்கினம்."

நிரோஜா சிரித்தாள். "கேட்டியளோ ஐயா? இத்தினை படத்தையும் விட்டிட்டு, மாலையைச் சுருட்டி வைச்சிட்டு, விளக்குக்கு எண்ணெய் விட்டிட்டுப் போற நாசிக்காரன் இன்னும் பிறக்கேல்லை. உங்கடை கள்ளன் தமிழன்."

"அதுவும் நல்ல வளர்ப்பு," என்றான் கிளெமென்ற்.

குணசிங்கத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எனக்கு அப்பவே தெரியும். ஜெகதீஸ்வரன்!"

எங்கள் சனம் எங்கே போனாலும் முதலில் ஒரு சங்கம் தொடங்கும், பிறகு அதை இரண்டாக்கும். ஜெகதீஸ்வரன் அந்த இரண்டாவது சங்கத்தின் தலைவர், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிறார். குணசிங்கமும் அவரும் ஒரே ரி-பானா ரயிலில் ஏறினாலும் வேறு வேறு பெட்டியில்தான் ஏறுவார்கள்.

"போய்ப் பாக்கிறன்," என்றாள் நிரோஜா. "முதல் ஒண்டு சொல்லுங்கோ. அந்தப் படம் எங்காலை வந்தது?"

"அந்த நேரத்துப் பேப்பரிலை வந்த பாஸ்போட் படம்," என்றாள் அபிஷா. "இவ்வளவு நாளும் புகை பிடிச்ச மாதிரிக் கிடந்தது, அதாலை நாங்கள் வைக்கிறேல்லை. இந்த முறை நான் கொம்பியூட்டரிலை துப்புரவாக்கிப் பெருப்பிச்சனான். வலது புருவத்திலை இருந்த வெட்டுக் கூடத் தெரிஞ்சுது. முதல்முறையா அவருக்கு ஒரு முகம் வந்தது. அதையும் கொண்டு போட்டாங்கள்."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கிளெமென்ற் அண்ணை, மாலையைக் கொண்டு வாங்கோ. சாட்சி."

"சாட்சி நல்லா மணக்குது," என்று அவன் மாலையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தான்.

*

மோர்டென்ஸ்ருட்டில் ஜெகதீஸ்வரன் சாரம் உடுத்தபடி கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நானோ? குணசிங்கத்தின்ரை மண்டபத்திலை நான் களவெடுக்கிறதெண்டா மைக்கைத்தான் எடுத்திருப்பன். சனம் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கும்."

"காலமை எங்கை நிண்டனியள்?"

"குசினியிலை. சந்தேகமெண்டா என்ரை விரலைப் பாருங்கோ." வெங்காயம் உரித்த விரலை நீட்டினார். மணம் சாட்சி சொன்னது.

அவருடைய மனைவி யோகாம்பாள் தேத்தண்ணியோடு வந்தார். நிரோஜா சுவரைப் பார்த்தாள். சங்கம் உடைவதற்கு முந்திய காலத்துப் படங்கள் சுவர் நிறையத் தொங்கின: பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, நாடகம். நடுவில் ஜெகதீஸ்வரனே ஒரு பெரிய சட்டத்துக்குள் மார்பை நிமிர்த்தி நின்றார்.

"அண்ணை இதிலை அசல் மந்திரி மாதிரி இருக்கிறார்," என்றான் கிளெமென்ற். "ஒண்டுதான் குறை." சொல்லிக்கொண்டே கையிலிருந்த மாலையைத் தூக்கி அந்தப் படத்துக்குப் போட்டான்.

யோகாம்பாள் போட்ட சத்தத்தில் தேத்தண்ணி தளம்பியது.

"எடுபட்டவனே! உயிரோடை இருக்கிற மனிசன்ரை படத்துக்கு மாலை போடுறியோ? அதுவும் செத்த வீட்டு மாலையை! இஞ்சாலை தள்ளு!"

"பகிடிக்கு அக்கா..."

"உன்ரை பகிடிக்கு நான் தாலி அறுக்கிறதோ?"

யோகாம்பாள் கதிரையில் ஏறினார். திட்டிக்கொண்டேதான் ஏறினார். ஆனால் மாலையைத் தொட்டதும் கை தன்பாட்டில் மெதுவாகிவிட்டது. செத்தவருக்குப் போட்ட மாலை, பிய்த்து எறியக் கூடாது. மெல்லக் கழற்றி, கசங்காமல் சுருட்டி, தேத்தண்ணிக் கோப்பைகள் இருந்த தட்டை வெறுமையாக்கி அதில் வைத்தார்.

நிரோஜா தட்டைப் பார்த்தாள். அதே சுருட்டல். அதேபோல் ஒரு தட்டு.

"அக்கா," என்றாள் மெதுவாக, "மாலையை ஏன் கழட்டினனீங்கள்?"

"ஏனெண்டு கேக்கிறாய்? படத்திலை இருக்கிறவர் உயிரோடை இருக்கிறார், அதாலை கழட்டினனான்!"

"ஓம். அதாலைதான்." நிரோஜா எழுந்து சுவருக்குக் கிட்டப் போனாள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். "ஜெகதீஸ்வரன் ஐயா, சங்கத்திலை இவ்வளவு காலமா இருக்கிற ஆக்களிலை, இந்தப் படம் ஒண்டிலையும் இல்லாதது ஆர்?"

"கடவுள்," என்றான் கிளெமென்ற்.

"வாயை மூடுங்கோ அண்ணை."

ஜெகதீஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யோசித்தார். யோகாம்பாளுக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. "எங்கடை வீடியோக் குகதாசன். ஊரிலை எல்லாரையும் பிடிப்பார், தன்னைப் பிடிக்க விடமாட்டார். தன்ரை கலியாண வீட்டிலையும் நடுவிலை எழும்பிப் போய்க் கமெராவைத் திருத்தினவர்."

"எந்தப் பக்கக் கண்ணிலை வைச்சுப் பிடிக்கிறவர்?"

"வலது கண்ணிலை. அந்தப் பழைய பெரிய கமெரா. இப்ப எல்லாரும் சின்னக் கமெராவை எட்டத்திலை வைச்சு, திரையைப் பாத்துப் பிடிக்கினம். அவர் மட்டும் மாறமாட்டார்."

நிரோஜா மாலையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கிளெமென்ற் கடைசி மிடறு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் ஓடினான்.

*

"அப்ப செத்தவர் உயிரோடை இருக்கிறார் எண்டுறாய்," என்றான் கிளெமென்ற், டக்சியை ட்வெய்ட்டாவுக்குத் திருப்பியபடி. "இருபது வருசமா நான் கொளுத்தின மெழுகுதிரி எல்லாத்தையும் அவர் எனக்குத் திருப்பித் தர வேணும்."

"படத்திலை இருக்கிறவர் உயிரோடை இருக்கிறார் எண்டுதான் சொன்னனான்."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"இல்லை அண்ணை. சேமக்காலையிலை ஒருத்தரைப் புதைச்சது உண்மை. அவர் ஆர்?"

கிளெமென்ற் வேகத்தைக் கூட்டினான்.

*

மேட்டில் தூறல். வெள்ளைத் துணி போர்த்திய கல்லுக்கு எதிரே, முக்காலியை விரித்து வைத்துவிட்டு, கமெராவைத் தோளில் தாங்கியபடி குகதாசன் நின்றார். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டிருந்தார். கூட்டம் இன்னும் சேரவில்லை.

"குகதாசண்ணை," என்று கிளெமென்ற் பக்கத்தில் போனான், "முக்காலி வெளியிலை நிக்குது. முக்காலிப் பை ஏன் இன்னும் வயித்தைத் தள்ளிக்கொண்டு கிடக்குது?"

"அது... குடை."

"சதுரக் குடை இப்பதான் காணுறன்."

நிரோஜா கமெராவுக்கு முன்னால் வந்து நின்றாள். "ஒருக்கால் கமெராவை இறக்குங்கோ அண்ணை. தொப்பியையும்."

அவர் இறக்கவில்லை. கமெராவின் பின்னால் இருந்தே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தோள் தானாகச் சரிந்ததுபோல, கமெரா கீழே வந்தது. தொப்பியையும் எடுத்தார். வலது புருவத்தின் நடுவில் மயிர் முளைக்காத ஒரு வெட்டு.

"இப்ப சொல்லுங்கோ, ரவீந்திரன் அண்ணை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இஞ்சை ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சனான்."

"செத்தது ஆர்?"

"குகதாசன்," என்றார். "உண்மையான குகதாசன். என்ரை குகன்."

மூன்று பேரும் மரத்தடிக்கு ஒதுங்கினார்கள். அவர் கதையைச் சொல்லத் தொடங்கினார். இவ்வளவு காலம் வாய்க்குள் கிடந்த கதை என்பதால் நேராகவே வந்தது.

"நோர்வேயிலை படிக்கிற இடம் எனக்குத்தான் கிடைச்சது. அந்தக் காலத்திலை பெடியள் கனபேர் அப்பிடித்தானே வந்தது. என்ரை பேர், என்ரை பாஸ்போட், என்ரை படம். குகனும் நானும் ஒரே வகுப்பு, ஒரே முகவெட்டு. நான் குழப்படி செய்ய வாத்திமார் அவனுக்கு அடிப்பினம். ஆமி அவனைத் தேடித் திரிஞ்சது. என்னைத் தேட ஆரும் இல்லை. 'நீ போடா, அங்கை உன்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டாங்கள்' எண்டு என்ரை பாஸ்போட்டைக் குடுத்து அனுப்பினது நான்தான்."

தூறல் இலைகளில் விழுந்துகொண்டிருந்தது.

"பேந்து ஒருநாள் வீட்டை தந்தி வந்தது. ரவீந்திரன் ஒஸ்லோவிலை செத்துப்போனார் எண்டு. வீட்டிலை வேறை ஆரும் இல்லை. என்ரை சாவுத் தந்தியை நானே கையெழுத்து வைச்சு வாங்கினனான் பிள்ளை." அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"அவற்றை வீட்டுக்காரர்?"

"ஒரு அக்கா மட்டும், கனகேஸ்வரி. நான் போய்ச் சொன்னனான். அடுத்த வருசம் என்னையும் தேடத் தொடங்கினாங்கள். ஓடுறதுக்கு எனக்குப் பேர் இல்லை, நான் செத்திட்டன். அக்காதான் தம்பியின்ரை பிறப்புப் பத்திரத்தைக் கொண்டு வந்து தந்தா. 'என்ரை தம்பியின்ரை பேராவது உயிரோடை இருக்கட்டும், கொண்டு போ' எண்டா. அண்டையிலை இருந்து நான் குகதாசன். உண்மை என்ரை மனிசிக்கு மட்டும் தெரியும். வெளியிலை தெரிஞ்சா குடியுரிமையைப் பறிப்பாங்கள். மகள் யதுர்ஷா உயர்தரப் பள்ளி முடிக்கிற வருசம். அவளுக்கு இஞ்சை விட்டா வேறை நாடு தெரியாது."

"அப்ப பயத்திலைதான் படத்தை எடுத்தனியள்," என்றாள் நிரோஜா.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முதன்முதலாக அந்த முகத்தில் கோபம் தெரிந்தது.

"பயத்திலை எடுக்கிறவன் எண்ணெய் விட்டுக்கொண்டு நிப்பானோ? பயம் இவ்வளவு வருசமும் இருந்தது, அதோடை நான் சமாளிச்சனான். வீடியோக்காரன் எண்டு மண்டபத்துத் திறப்பு என்னட்டையும் இருக்கு, காலமை வயர் இழுக்க வந்தனான். பாத்தா என்ரை மூஞ்சைக்கு மாலை, பொட்டு, விளக்கு. அடி வாங்கினது அவன், பிள்ளை. மாலை எனக்கோ?"

பொய் பிடிப்பதே நிரோஜாவின் தொழில். இப்படி ஒரு பொய்யை அவள் பிடித்ததில்லை, பிடித்ததற்காக இப்படி வருந்தியதும் இல்லை.

"கேளுங்கோ அண்ணை," என்றாள். "படம் விழுந்து உடைஞ்சு போச்சு எண்டு நான் சொல்லுறன். கிளெமென்ற் அண்ணை தன்னாலைதான் எண்டு ஒத்துக்கொள்ளுவார்."

"என்னைக் கேளாமலோ?" என்றான் கிளெமென்ற். "சரி, நான் உடைக்காத சாமான் குறைவுதான். ஆரும் நம்புவினம்."

"கல்லு உங்கடை பேரிலை நிக்கும். நீங்கள் அவற்றை பேரிலை இருப்பியள். ஒருத்தருக்கும் தெரியாது. முடிவு உங்கடை."

சனம் குடைகளோடு மேடேறி வந்துகொண்டிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்த ஏதோ ஒன்றை வெளியிலிருந்தே தடவிப் பார்த்துவிட்டு, கமெராவைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

*

குணசிங்கம் கூட்டத்தைத் தொடக்கி வைத்தார். அதாவது, கப்பலேறிய காலத்திலிருந்து தமிழர் வரலாற்றைத் தொடங்கினார். பகுதித் தலைவி, செம்பட்டைத் தலைமயிர்க்கார அம்மா, குடைக்குள் பொறுமையாக நின்றார். கூட்டத்தின் கடைசியில் ஜெகதீஸ்வரனும் யோகாம்பாளும். வேடிக்கை பார்க்க வந்தது என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஜெகதீஸ்வரன் சாரத்தை மாற்றிக் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார்.

துணி விழுந்தது. கல்லுக்கு முன்னால், யாரோ குடை பிடிக்க, ஒரு விளக்கு ஏற்றினார்கள். சாம்பல் நிறக் கல்லில் ரவீந்திரன் என்று தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் பெயர். அபிஷா, மண்டபச் சுவரிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள். அமெரிக்கப் பெயர்கள் அந்தக் குளிரில் தெளிவாகக் கேட்டன. ஒவ்வொரு பெயருக்கும் சனம் தலையைக் குனிந்தது. கடைசிப் பெயருக்கு வந்தாள்.

"ரவீந்..."

"நில்லுங்கோ பிள்ளை."

குகதாசன் கமெராவைக் கிளெமென்றின் தோளில் வைத்தார். "சிவப்புப் பொத்தான் அமத்தியிருக்கு. ஆட்டாதை. கதைக்காதை." பிறகு அவ்வளவு சனமும் பார்க்க, தொப்பி இல்லாமல், கமெராவுக்கு முன்னால் போய் நின்றார்.

"ரவீந்திரன் நான்தான்," என்றார் தமிழில்.

குணசிங்கத்தின் வாய் திறந்தது. சத்தம் வராமல் அது திறந்தது அன்றுதான்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பாஸ்போட், தந்தி, கனகேஸ்வரி அக்கா, காலையில் கழற்றிய மாலை. அழவில்லை. "என்னை என்ன செய்தாலும் பறவாயில்லை. என்ரை குடும்பம் உங்கடை கையிலை. ஆனா இந்த இடத்திலை விழுந்தவன் குகதாசன். தன்ரை அக்காவின்ரை பேரைச் சொல்லித்தான் கத்தியிருப்பான். இவ்வளவு காலமும் நீங்கள் அழுதது என்ரை பேரைச் சொல்லி. ஒருக்கால், ஒரேயொருக்கால், அவன்ரை பேரைச் சொல்லுங்கோ."

பகுதித் தலைவி அபிஷாவின் பக்கம் குனிந்து நோர்வேஜிய மொழியில் கேட்டார். "என்ன சொல்கிறார் இவர்?"

அபிஷா அப்பாவைப் பார்த்தாள். குணசிங்கம் கூட்டத்துக்கு மேலாக ஜெகதீஸ்வரனைப் பார்த்தார். ஜெகதீஸ்வரன் தலையை ஒரு தரம், மெல்ல, இடம் வலமாக ஆட்டினார். சங்கம் உடைந்த பிறகு இரண்டு தலைவர்களும் ஒரே முடிவெடுத்தது அப்போதுதான்.

"இறந்தவர் தன்னுடைய உயிர்ச் சிநேகிதன் என்கிறார்," என்றாள் அபிஷா.

"அவ்வளவுதானா? நிறைய நேரம் பேசினாரே?"

"தமிழ் நீளமான மொழி," என்றான் கிளெமென்ற், கமெராவுக்குப் பின்னாலிருந்து, சுத்தமான நோர்வேஜியத்தில்.

ஜெகதீஸ்வரன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "உதை ஆரும் வெளியிலை கதைச்சினமோ, அவை ரெண்டு சங்கத்திலையும் இல்லை!" இதைவிடப் பெரிய தண்டனை ஒஸ்லோத் தமிழருக்கு இல்லை.

குணசிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு பகுதித் தலைவியிடம் போனார். வாழ்க்கையில் அவர் செய்த மிகச் சிறிய பேச்சு அது.

"எங்கள் ஆட்களுக்கு இரண்டு பெயர் இருக்கும். பத்திரத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. இவருடைய வீட்டுப் பெயர் கல்லில் விடுபட்டுவிட்டது. கீழே இடம் இருக்கிறது. அதையும் பொறிக்க வேண்டும்."

"வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்?"

"குகதாசன்."

"அழகான பெயர்," என்றார் அந்த அம்மா. "கட்டாயம் பொறிப்போம்."

குணசிங்கம் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குகனை அவன் வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"மேலே இருக்கிற பேரை என்ன செய்யிறது?" என்று நிரோஜா வீடியோக்காரரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"கிடக்கட்டும் பிள்ளை," என்றார் அவர். "அவனுக்கு மழை படாமல் என்ரை பேர் மேலை கிடக்கட்டும்."

அபிஷா மீண்டும் தாளை எடுத்தாள். எடுத்தவள் அதைப் பார்க்கவில்லை. "குகதாசன்," என்றாள் உரத்து. கூட்டம் முழுவதும், கடைசியில் நின்ற யோகாம்பாள் வரை, திருப்பிச் சொன்னது.

இனி மாலை. நிரோஜா தட்டை நீட்டினாள். "படம்?" என்றார் குணசிங்கம்.

வீடியோக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய படத்தை எடுத்தார். திருகோணமலை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. மீசை அரும்பிய இரண்டு பெடியள் தோளில் கை போட்டு நின்றார்கள். ஒருவனுக்குப் புருவத்தில் வெட்டு. மற்றவன் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றான்.

"இது ஒண்டுதான் இருக்கு," என்றார்.

குணசிங்கம் மாலையைத் தூக்கிப் பிடித்தபடி தடுமாறினார். "இதுக்கு எப்பிடிப் போடுறது? ஒராள் உயிரோடையல்லோ நிக்கிறார்."

"மடிச்சுப்போட்டுப் போடலாம்," என்றார் யாரோ.

"மடிக்கமாட்டன்," என்றார் அவர். "அவன்ரை கை என்ரை தோளிலை கிடக்கு."

அவர் படத்தைக் கல்லின் மேல் சாய்த்து வைத்தார். பிறகு பெருவிரலை வைத்துத் தன்னுடைய முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டார். "இப்ப போடுங்கோ."

குணசிங்கம் மாலையைப் போட்டார்.

அந்த வீடியோ இப்போதும் இரண்டு சங்கங்களிலும் இருக்கிறது. முழுவதும் நன்றாகத்தான் இருக்கும். மாலை விழுகிற இடத்தில் மட்டும் படம் கொஞ்சம் ஆடும். அன்று மேட்டில் பலத்த காற்று என்று கிளெமென்ற் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். கல்லுக்கு முன்னால் ஏற்றியிருந்த விளக்கின் சுடர் அதே காட்சியில் காற்றில் சாயாமல் நேராக நிற்பதை நிரோஜா அவனுக்கு இன்னும் காட்டவில்லை.